விலையைப் பிறகு சொல்லுங்கோ

அக்காவிடம் எந்தப் பொருளின் விலையையும் முதலில் சொல்லக் கூடாது. சொல்ல வாயெடுத்தாலே இடது உள்ளங்கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "விலையைப் பிறகு சொல்லுங்கோ" என்பார். ஜெர்மன்காரர்களுக்கும் அதே கைதான், அதே கட்டளைதான்: "பிறைஸ் ஸ்பேட்டர்," விலை பிறகு. பின்னர் பொருளைத் தூக்கி, தட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கைப்பையில் எப்போதும் ஒரு கட்டு வெள்ளைத் துண்டுக் காகிதம் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, தான் மதித்த விலையை எழுதி, நாலாக மடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வார். அதற்குப் பிறகுதான், "இப்ப சொல்லுங்கோ."

சொல்லும் விலை காகிதத்தில் உள்ளதைவிடக் கூடுதல் என்றால் பொருளை வைத்துவிட்டு நடந்துவிடுவார். பேரம் பேசி நான் ஒருநாளும் கண்டதில்லை. குறைவாகச் சொன்னால்தான் கூத்து. காகிதத்தில் உள்ள தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் நகருவார். ஹனோவரில் சனிக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு கிழவர் இரும்புத் தாச்சிச் சட்டி ஒன்றுக்கு மூன்று யூரோ சொன்னார். அக்கா பன்னிரண்டை நீட்டினார். பாவம், இந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு எண்கள் தெரியவில்லை என்று நினைத்த கிழவர், மூன்று விரலைக் காட்டினார். அக்கா தாச்சியைச் சுண்டி அந்த ஓசையைக் கிழவருக்குக் கேட்கவைத்து, "பன்னிரண்டு" என்றார். நான் வெட்கத்தில் பக்கத்துக் கடையின் கம்பளிச் சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து தொலைபேசி எடுத்து, என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய் என்பார். இப்போது அங்கே மகனோடு இருக்கிறார். ஹனோவரில் ஆறு வருடம் நாங்கள் ஒரே முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தோம். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். எனக்கு வாய் நீளம், துணிச்சல் கட்டை. அவருக்கு நேரெதிர். என்னிடம் கார் இருந்தது, அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. அதனால் அவர் எதையாவது பார்த்து மதிக்கப் போகும்போதெல்லாம் ஓட்டுநர் நான்தான். துவக்கு வாங்கப் போன கதைக்குள்ளும் நான் அப்படித்தான் இழுபட்டேன்.

ஆம், துவக்கு. பழைய றைபிள் ஒன்று. சின்ன ரவைத் தோட்டா போட்டு, ஐம்பது மீற்றர் தூரத்தில் இருக்கும் கடுதாசி வட்டத்துக்குச் சுடுகிற விளையாட்டுத் துவக்கு.

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் இருவரும் நகரத்து ஓரத்தில் ஒரு சுடுவோர் சங்கத்தின் கட்டடத்தைத் துப்புரவு செய்யப் போவோம். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு சங்கம் இருக்கும். சுவரெல்லாம் கேடயம், மான்கொம்பு, மீசைக்காரர்களின் படங்கள். நான் முன் மண்டபத்தைக் கூட்டுவேன். அக்கா சுடும் கூடத்தைக் கழுவுவார். குப்பைத் தொட்டியில் கிடக்கும் ஓட்டை விழுந்த அட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இவர் விசையை இழுக்கேக்கை மூச்சு விட்டிட்டார்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "ஓட்டையெல்லாம் மேலையும் கீழையுமாக் கிடக்குதல்லே" என்பார். அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் பேசுவதைத் துடைப்பத்தோடு நின்று கேட்டே அவ்வளவும் படித்திருந்தார்.

ஒரு கோடையில் சங்கத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் வந்தது. கேக், கோப்பி, விரும்பியவருக்கு ஐந்து சூடு. அக்கா தண்ணீர் வாளியை ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். முறை வந்ததும் துவக்கை இடது தோளில் வைத்தார். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே வலது தோளுக்கு மாற்றிவிட்டார். முதல் சூடு அட்டையின் ஓரத்தில் எங்கோ பட்டது. அக்கா துவக்கைக் கீழே வைத்து, இடப்பக்கம் பிடிக்கலாமா என்று அனுமதி கேட்டார். மற்ற நாலும் நடுக் கறுப்புக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பொறுப்பாளர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்த இடக்கையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். சலவைப் பகுதியில் ஆள் இருந்தால் வலக்கையால் மடிப்பார், ஆளில்லாதபோது இடக்கையால் மடிப்பார். இடக்கை இரண்டு மடங்கு வேகம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் அந்தக் கைக்கு அடி விழுந்திருக்கிறது. வீட்டில் தாயார் சீலைத்துண்டால் கட்டிவைத்திருக்கிறார். அன்று வீடு திரும்பும்போது காரில் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுத, சாப்பிட, திருநீறு வாங்க எல்லாத்துக்கும் வலக்கை. இதுக்கு ஒரேயொரு வேலைதான் தந்தவை. அது என்ன வேலையெண்டு உமக்குத் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியும், சிரியும். ஐம்பத்திரண்டு வயசிலை இதுக்கு ஒரு நல்ல வேலை கிடைச்சிருக்கு. இனி நான் விடமாட்டன்."

விடவில்லை. சங்கத்தில் சேர்ந்தார். துடைப்பத்தோடு போன வாசலால் சனிக்கிழமை வேலை முடிந்ததும் அங்கத்தவராகத் திரும்பிப் போனார். ஒரு வருடம் தவறாமல் பயிற்சி செய்தார். ஆயுதச் சட்டப் பாடநூலை அகராதியோடு டிராமில் வைத்துப் படித்தார். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து தள்ளிப் போவதை நான் என் கண்ணால் கண்டேன். முதல் தடவை சோதனையில் தவறி, அடுத்த தடவை தேறினார். அன்ராக் மேல் அன்ராக்காக விண்ணப்பங்கள், டெர்மின் மேல் டெர்மினாக அலுவலகச் சந்திப்புகள். துவக்கு வைத்திருக்கும் அனுமதி அட்டை கைக்கு வருவதற்கு முன்பே இரும்புப் பெட்டகம் வந்துவிட்டது. இரண்டு போலந்துக்காரர்கள் அதை மூன்றாம் மாடிக்கு ஏற்றி வியர்த்துப்போய் நின்றார்கள். அந்தப் பெட்டகம் பல மாதம் வெறுமையாகத்தான் நின்றது.

பெட்டகத்தில் ஒரு பிழை நான் செய்தேன். ஆயுதபூசைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தகம், தையல் மெசின், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு பெட்டகக் கதவுக்கும் சந்தனம் குழைத்துப் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டேன். ஆயுதபூசையில் ஆயுதம் வைக்கும் பெட்டியை விடலாமா? அது காய்ந்து இரும்போடு ஒட்டிவிட்டது. இரண்டு கிழமை கழித்துப் பெட்டகத்தைப் பார்வையிட வந்த அலுவலர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது என்ன அடையாளம், யாராவது திறக்க முயன்றார்களா என்று கேட்டிருக்கிறார். "இல்லை, இது எங்கட பக்க முத்திரை. உங்கட முத்திரையை மற்றப் பக்கம் குத்துங்கோ" என்று அக்கா தன் ஜெர்மனில் சொன்னாராம். அலுவலர் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

எங்கள் சனம் சிரிக்கவில்லை. ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பேச்சுக்குப் பேர்போன அண்ணை ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். நாலு மேசைக்குக் கேட்கும்படிதான் பேசினார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் காசு குடுத்து வாங்கப் போறீராம், உண்மையோ?"

"ஓம் அண்ணை."

"வெக்கமா இல்லையோ?"

அக்கா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை, ஊரிலை நான் கண்ட துவக்கெல்லாம் வேறை ஆக்களின்ர கையிலை இருந்தது. ஒருத்தரும் என்னட்டைக் கேட்டுப்போட்டுத் தூக்கேல்லை. கட்டிலுக்குக் கீழை படுத்துக்கொண்டு, சத்தத்திலை இது எந்தப் பக்கத்துத் துவக்கெண்டு கண்டுபிடிக்கப் பழகினன். இஞ்சை ஒண்டரை வருசமா அன்ராக் எழுதி, சோதினை எழுதி, என்ர பேரிலை ஒரு குற்றமும் இல்லையெண்டு அரசாங்கத்திட்டை எழுத்திலை வாங்கி, கடுதாசிக்குச் சுடப் போறன். கடுதாசிக்கு. இதிலை எனக்கென்ன வெக்கம்?"

அண்ணை, "பொம்பிளையளோடை கதைக்க ஏலாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பிரியாணிப் பக்கம் போனார். அன்றைக்கு எனக்கு அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. நாலு மேசையும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, எனக்குப் பயம்.

இடக்கைக்காரருக்கான பழைய துவக்கு கிடைப்பது லேசில்லை. வலக்கைத் துவக்கில் ரவை போட இழுக்கும் பூட்டின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், கன்னம் சாய்க்கும் மேடும் அந்தக் கணக்கில்தான் செதுக்கியிருக்கும். சங்கத்தின் இரவல் துவக்கோடு அக்கா ஒன்றரை வருடம் மல்லுக்கட்டினார். ஒவ்வொரு சூட்டுக்கும் கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பூட்டைத் திறக்க வேண்டும். அந்தத் துவக்கோடு சங்கத்தின் போட்டி அணியில் இடம் பிடிக்க முடியாது என்று பொறுப்பாளரே சொல்லிவிட்டார். சேமித்து வைத்திருந்ததில் ஒரு துவக்குக்குத்தான் காசு இருந்தது. பிழையானதை வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை. அண்ணைமாருக்கும் ஒரு வருடத்துக்குச் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இடக்கைத் துவக்கொன்று பளபளவென்று இருந்தது. கடைக்காரர் வாயைத் திறந்ததும் இடது உள்ளங்கை எழுந்தது. "பிறைஸ் ஸ்பேட்டர்." பூட்டைக் கழற்றித் தரச் சொல்லி, கைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து, ரவை போடும் வாயில் சாய்வாகச் செருகினார். காகிதத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஏறியது. முன்முனையால் எட்டிப் பார்த்தார். பூட்டே இல்லாத துவக்கு சுடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன். குழல் நன்றாக இருந்தது. ஆனால் மரப்பிடியின் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். வெடித்த மரத்தை ஒட்டி, மேலே புது வார்னிஷ் பூசியிருந்தது. அதே காகிதத்தில் விலையை எழுதி மடித்தார். கடைக்காரர் ஆயிரத்து நானூறு என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். காகிதத்தை எனக்குக் காட்டினார். ஐந்நூறு.

"வெடிப்பு இருக்கிறது பிழையில்லை. ஒளிச்சது பிழை" என்றார்.

அடுத்தது ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் வீடு. இவர் நல்ல மனிதர், ஆப்பிள் சாறெல்லாம் தந்தார். அக்கா கைப்பையிலிருந்து காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை எடுத்ததும் அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். அக்கா பஞ்சைக் குழலின் முன்வாய் விளிம்பில் மெதுவாகச் சுற்றி இழுத்தார். ஒரு பக்கத்தில் பஞ்சு நூல் சிக்கி நின்றது. யாரோ பல வருடம் இரும்புக் கம்பியை முன்பக்கமாக விட்டுத் துடைத்திருக்கிறார்கள், விளிம்பு தேய்ந்து சிராய்த்துவிட்டது. சன்னம் வெளியேறும் கடைசி இடம் அதுதான். அங்கே பழுதென்றால் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் சூடு விலகிப் போகும். பண்ணைக்காரர் நூற்றைம்பது கேட்டார். காகிதத்திலும் அதே நூற்றைம்பதுதான் இருந்தது. ஆனாலும் அக்கா வாங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பெற்றோல் என்னுடையது. "மலிவாக் கிடக்கு, ரெண்டு விலையும் ஒண்டாக் கிடக்கு. இன்னும் என்ன வேணும் அக்கா?"

"விலை சரிதான். துவக்கு எனக்குச் சரியில்லை. இதோடை குறி தப்பினால் நான் துவக்கிலை குற்றம் சொல்லுவன். எனக்கு அது வேண்டாம். நான் தப்பவிட்டால் அது என்ர பிழையா இருக்கவேணும்."

இப்படியே வசந்தம் முடிந்தது. அணிக்கு ஆள் எடுக்கும் வருடப் போட்டிக்கு ஏழு கிழமைதான் இருந்தது. அப்போதுதான் சங்கத் தலைவர், பெரிய உடம்பும் சிவந்த முகமுமான மனிதர், அக்காவைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். சங்கத்தில் நாற்பது வருடம் இருந்து இறந்துபோன ஒருவரின் மகளிடம் துவக்கொன்று இருக்கிறது, இறந்தவரும் இடக்கைக்காரர்தான், வந்து பாருங்கள் என்றார். சொல்லும்போது ஒரு கண்ணைச் சிமிட்டினார். அது ஏன் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

மகள் துவக்கைச் சங்கத்துக்கே கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும், பேருந்து ஓட்டுபவர், பேச்சுக் குறைவு. அக்காவின் கை எழுந்தது, விலை பிறகு என்றார். அந்தப் பெண் வியப்போடு தலையாட்டினார். காகிதம், பஞ்சுக் குச்சி, நகம், எல்லாம் நடந்தன. குழல் கண்ணாடிபோல இருந்தது, முன்வாயில் ஒரு நூலும் சிக்கவில்லை. மரப்பிடியின் அடியில் ஒரு நீளமான வெடிப்பை ஒட்டிய தழும்பு இருந்தது, ஆனால் மறைக்காமல் விட்டிருந்தார்கள். "உறைபனியில் படியில் விழுந்தபோது உடைந்தது" என்றார் மகள். "அப்பாவே ஒட்டினார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை." பிறகு பொறுப்பாளரின் மேற்பார்வையில் அக்கா மணல்மூட்டையில் வைத்துப் பத்து ரவை சுட்டார். அட்டை திரும்பி வந்தது. பத்து ஓட்டையையும் ஒரு சென்ற் நாணயத்தால் மூடலாம் போலிருந்தது. அக்கா துவக்கின் மேல் வைத்த இடக்கையை எடுக்கவில்லை. அவருக்கு ஒரு பொருள் பிடித்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காகிதத்தில் எழுதினார். மடித்தார். "இப்போது சொல்லுங்கள்" என்றார்.

மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நூறு" என்றார்.

அக்கா காகிதத்தை விரித்து மேசையில் வைத்தார். எழுநூற்று நாற்பது.

மகளின் முகம் சிவந்துவிட்டது. பிறகு உண்மை வந்தது. நூறு என்பது தலைவர் போட்ட விலை. அந்த நூறையும் சங்கமே கொடுக்கும். வருடப் போட்டி நாளில் மேடையில், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படமெடுக்க, போரிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்குச் சங்கத்தின் அன்பளிப்பு என்று துவக்கைக் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. அக்காவிடம் சொல்லக் கூடாது, ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மகள் சம்மதித்துவிட்டார்.

நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். ஓசியில் துவக்கு, பத்திரிகையில் படம். அந்த மண்டபத்து அண்ணையின் மூக்கு அறுபடும். வேறென்ன வேண்டும்?

அக்கா கேட்டார்: "உங்கள் தலைவர் இந்தக் குழலுக்குள் எப்போது பார்த்தார்?"

"பார்க்கவில்லை."

"பிறகு எப்படி நூறு?"

அக்கா விரலை மடக்கி எண்ணினார். தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான், அதனால் சுற்றி வளைக்கவில்லை. குழலுக்கு இவ்வளவு. விசைக்கு இவ்வளவு. இடக்கைத் துவக்கு அரிது, அதற்கு இவ்வளவு. வெடிப்புக்குக் கழிவு இவ்வளவு. வெடிப்பை மறைக்காமல் ஒட்டிய வேலைக்குக் கழிவில் பாதியைத் திருப்பிக் கூட்டியிருக்கிறேன். "உங்கள் அப்பா இதை நன்றாகப் பார்த்துக்கொண்டார். இது நூறு யூரோத் துவக்கு இல்லை. இது உங்களுடையதா, சங்கத்துடையதா?"

"என்னுடையது" என்றார் மகள். அவருடைய கண் கலங்கியிருந்தது. "அவர் நூறு என்று சொன்னபோது எனக்கு வலித்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்."

"எனக்கு விற்கிறீர்களா?"

"எழுநூற்று நாற்பதுக்கு" என்றார் அந்தப் பெண். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கிழமை காசும் கையெழுத்தும் கைமாறின. துவக்கு பூட்டிய பெட்டிக்குள் போயிற்று. பெட்டியை என் காரில் ஏற்றும்போது சங்கத் தலைவர் வெளியே வந்தார். யாரோ சொல்லிவிட்டார்கள். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது, எனக்கே பாவமாக இருந்தது.

"உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் நினைத்தோம்" என்றார்.

"நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வாங்கிவிட்டேனே."

"மேடை? பத்திரிகைக்காரர் வருகிறாரே?"

"வரட்டும். யார் எத்தனை புள்ளி என்று எழுதட்டும்."

காரில் ஏறியதும் நான் வெடித்தேன். "உங்களுக்கு விசரோ அக்கா? சும்மா தந்ததை ஏன் காசு குடுத்து வாங்கினனீங்கள்? எழுநூற்று நாற்பது. எத்தனை மாசம் துணி மடிச்ச காசு அது."

அவர் பின்சீற்றில் கிடந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சும்மா தந்த துவக்கோடை நான் தப்பவிட்டால் எல்லாரும் கைதட்டுவினம். பாவம், அவவால ஏலுமானதைச் செய்தவ எண்டு. வந்த நாள் தொடக்கம் இந்த நாட்டிலை அந்தக் கைதட்டு எனக்கு நல்லாத் தெரியும். ஜெர்மன் பிழையாக் கதைச்சாலும் தட்டுவினம், நிலத்தை வடிவாத் துடைச்சாலும் தட்டுவினம். எனக்கு அந்தத் தட்டு வேண்டாம். அது வராமலிருக்க நான் குடுத்த விலைதான் இது. ரோட்டைப் பாத்து ஓட்டும்."

ஓட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பட்டது, அதனால் வானொலியைப் போட்டேன்.

வருடப் போட்டி நாளில் கூடம் நிரம்பியிருந்தது. ஒவ்வொருவராக வந்து ஐந்து சூடு சுட வேண்டும். ஒவ்வொரு சூடும் சுவரில் இருக்கும் திரையில் உடனே தெரியும். ஒன்பதோ பத்தோ விழுந்தால் கைதட்டுவார்கள், மற்றதற்குச் சும்மா இருப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். துவக்கை விற்ற மகளும் பேருந்துச் சீருடையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். தலைவர் முன்வரிசையில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு.

அக்கா இடது தோளில் துவக்கை வைத்தார். எட்டு. ஒன்பது. ஒன்பது. ஒன்பதுகளுக்குக் கைதட்டு வந்தது. அணியில் இடம் பிடிக்க நாற்பத்திரண்டு வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் விரல்விட்டு எண்ணினேன், மீதி இரண்டில் பதினாறு எடுத்தால் போதும்.

நாலாவது சூடு. திரையில் நாலு என்று விழுந்தது. கறுப்பின் ஓரத்தில்தான் பட்டிருந்தது.

தலைவர் கைதட்டத் தொடங்கினார். நல்ல மனதோடுதான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டுக்கே தட்டாத கூட்டம் நாலுக்கு எழுந்து நின்று தட்டியது. வெட்கத்தோடு சொல்கிறேன், என் கையும் இரண்டு தட்டு தட்டிவிட்டது.

அக்கா பூட்டைத் திறந்தார். துவக்கை மேசையில் வைத்தார். காதுமூடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இடது உள்ளங்கை எழுந்தது.

"ஸ்பேட்டர்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் கிழவருக்குச் சொன்ன அதே குரல்தான். கைகள் நடுவழியில் நின்றன. தலைவரின் முகம் இன்னும் சிவந்தது. பத்திரிகைக்காரர் கமராவைத் தாழ்த்தினார்.

அக்கா கணக்குப் போட்டிருப்பார், முப்பது ஆயிற்று. பத்து எடுத்தாலும் நாற்பதுதான். அணியில் இடமில்லை என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் காதுமூடியைப் போட்டார். ரவையை இட்டார், பூட்டை இடக்கையால் தள்ளி மூடினார். கன்னத்தை அந்த இறந்த மனிதர் கன்னம் வைத்து வைத்து மழுங்கியிருந்த மரத்தில் சாய்த்தார். நெடுநேரம் அப்படியே நின்றார்.

சூடு கேட்டது. திரையில் பத்து.

ஒருவரும் தட்டவில்லை. பயந்துபோய் இருந்தார்கள், எங்கே அக்காவின் கை எழுமோ என்று. பூட்டைத் திறந்து, துவக்கைக் கிடத்தி, காதுமூடியைக் கழற்றி, அக்கா திரையைப் பார்த்தார். தாச்சியைப் பார்த்ததுபோல, குழலுக்குள் பார்த்ததுபோல, அந்த எண்ணை நிதானமாகப் பார்த்து மதித்தார். பிறகு திரும்பி, அந்தக் கூடத்தில் என் ஒருத்திக்கு மட்டும் விளங்குகிற மொழியில், எல்லோருக்கும் சொன்னார்.

"இப்ப தட்டுங்கோ."